நாற்பதாயிரம் மைல் மொய்

எனக்குப் பிறகு டிக்கெட் மேசையில் உட்கார்ந்தவள் ஃபர்ஸானா. இப்போது இரத்தினபுரியில் ஒரு பெரிய ட்ராவல்ஸில் பொறுப்பாக இருக்கிறாள். போன மாதம் போன் எடுத்தாள்.

"மிஸ், பாயிண்ட்ல பார்ட்னர் ஃப்ளைட் எடுக்குறதப் பத்தி கொஞ்சம் எழுதித் தாங்களே. புதுசா வந்த புள்ளைகள் போன்ல ஒருக்கா தட்டிப் பாக்குறாங்க. சீட் காட்டல்லையா, இல்ல எண்டு செல்லி ஆள அனுப்பிர்றாங்க."

"நான் எழுதினா அது பாடமா இருக்காதும்மா. நான் முழிச்ச முழிதான் இருக்கும்," என்றேன்.

"அதத்தான் எழுதச் செல்றேன்," என்றாள். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த பிள்ளை.

சரி, எழுதுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா பால்வெட்டும் வேலை. அப்பா ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயப்போடும் வேலை. அந்தப் புகை நாற்றம் தலைமுடியை விட்டுப் போவதற்காகவே நான் கொழும்புக்கு டிக்கெட் கோர்ஸ் படிக்கப் போனேன் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கோர்ஸில் கற்றது உலகத்து ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகளும், அழுகிற பயணிக்கு முன்னால் எப்படிச் சிரிப்பது என்பதும்தான். மற்றதெல்லாம் எஹலியகொடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ட்ராவல்ஸில் அடிபட்டுப் படித்தது. ஓய்வு பெறும் வரை வேறு இடத்தில் நான் வேலை செய்யவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஊரில் என்னைப் 'பாயிண்ட் மிஸ்' என்பார்கள். விமானத்தில் அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனி போட்டுக் கொடுக்கிற பாயிண்ட், அதை அவர்கள் மைல் என்றும் சொல்வார்கள், அதைக் கொண்டு இன்னொரு கம்பெனியின் விமானத்தில் இடம் பிடித்துக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். அந்தக் கெட்டிக்காரியின் சொந்தப் பாயிண்ட் என்ன ஆனது தெரியுமா? வங்கி அட்டையில் வருசக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். பாயிண்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதை மறந்தால் நாசம் என்று ஃபர்ஸானாவுக்கு நான் நீட்டி முழக்கிப் பாடம் எடுத்த அதே வாரம் அவை காலாவதியாகிவிட்டன. அதற்கு முந்திய தடவை சேர்ந்ததற்கு முட்டை அடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். விமானத்தில் நான் போனது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணிக்காகத் திருச்சி வரை. ஏறியதிலிருந்து இறங்கும் வரை வாந்தி. ஊரையே பறக்கவிட்டவள் பறந்த லட்சணம் அது.

முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஹனிபா ஹாஜியார். அடிப்படையில் மாணிக்கக்கல் வியாபாரி. கல்லை எடுத்துக்கொண்டு பாங்கொக்குக்கும் ஹொங்கொங்குக்கும் போய்ப் போய், டிக்கெட்டுக்கு அடுத்தவனிடம் காசு கொடுப்பானேன் என்று சொந்தமாக ட்ராவல்ஸ் திறந்தவர். கல் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு துணியைப் போட்டு, விரலை அழுத்தி அழுத்தி விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துணி அசைவது மட்டும் தெரியும். அந்தப் பழக்கம் ஹாஜியாரின் இரத்தத்தில் ஊறியிருந்தது. ஒபிஸில் போன் பேசும்போதும் ரிசீவரின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டுதான் யோசிப்பார். என்னை வேலைக்கு எடுத்த அன்று, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். பிறகு எழுந்து தொழப் போய்விட்டார். நான் வேலை இல்லை என்று நினைத்துப் படி இறங்கிப் பாதி வழியில் இருந்தேன். பேக்கரிக்காரர் ஓடி வந்து, "முதலாளி கூப்பிடுறாரு," என்றார். நான் கேட்டதில் முக்கால்தான் கிடைத்தது. பாதிப் படியில் திரும்பியதுதான் நான் செய்த தப்பு என்று பிறகு அவரே சொல்லிக் கொடுத்தார். "கீழ்ப்படி வரைக்கும் போயிருந்தா முழுசாத் தந்திருப்பேன் மகள். விலை பேசினா எழும்பிப் போகத் தெரியணும். அவன் கூப்பிடுவான்."

அதுதான் அவருடைய வியாபாரம். எழும்பிப் போவது, கூப்பிடும் வரை காத்திருப்பது.

இனி ஃபர்ஸானாவின் பிள்ளைகளுக்கான பகுதி. ஒரு கம்பெனி தன்னுடைய கூட்டாளிக் கம்பெனிக்கு, பாயிண்டில் எடுக்க என்று ஒரு விமானத்தில் ஒன்றிரண்டு இடம்தான் கொடுக்கும். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் எல்லாம் உட்கார்ந்த பிறகு பக்கத்து லயத்து வீட்டுக்காரருக்கு ஒதுக்குகிற இலை மாதிரி. அந்த இலை எப்போது போடப்படும், எப்போது எடுக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. இணையத்தில் காட்டாதது போனில் இருக்கும். இணையத்தில் காட்டுவது போனில் இருக்காது. ஆகவே முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், கண்ணால் கண்ட பிறகுதான் வங்கிப் பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாற்ற வேண்டும். மாற்றினது மாற்றினதுதான், திரும்பி வராது. இடத்தைப் பிடித்த பின்னும் சிரிக்கக் கூடாது. ரிசர்வேஷன் நம்பர் வேறு, டிக்கெட் நம்பர் வேறு. ஹாஜியார் சொல்வார், ரிசர்வேஷன் என்பது பேச்சு முடிந்த மாதிரி, டிக்கெட் நம்பர் வந்தால்தான் நிக்காஹ் என்று. பேச்சு முடிந்து முறிந்த வீடுகள் எத்தனை? அவருடைய மூத்த மகளுக்கே ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். டிக்கெட் நம்பர் வந்த பிறகு, விமானம் ஓட்டுகிற கூட்டாளிக் கம்பெனிக்கு நாமே போன் எடுத்து, அவர்களுடைய குறி நம்பரை வாங்கி, அவர்கள் பக்கமும் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் முடியும் வரை வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இது என் சட்டம். இதை நானே எப்படி மீறினேன் என்பது பின்னால் வரும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முந்தி, மழை பிடித்த ஒரு காலையில் பார்வதி அக்கா வந்தாள். தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள். நல்ல உயரம், சத்தமான பேச்சு. கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் லேமினேட் பண்ணிய ஒரு தாள். எங்கள் பக்கத்தில் மழைக்கும் ஈரத்துக்கும் பயந்து முக்கியமான எதையும் லேமினேட் பண்ணிவிடுவார்கள். பிறப்பு அத்தாட்சி, அரசாங்க உதவிப்பணத்துக்கான அஸ்வெசும கடிதம், ஞானஸ்நான அட்டை எல்லாம். அக்கா லேமினேட் பண்ணியிருந்தது ஒரு விமான வவுச்சர்.

"டிக்கெட் எங்ககிட்ட இருக்குதுங்க மிஸ். தேதி மட்டும் போட்டுக் குடுத்தாப் போதும்," என்றாள்.

விசயம் இதுதான். அக்காவின் மகள் கௌரிக்கும் அக்காவின் அண்ணன் மகன் தினேஷுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. தினேஷுக்கு ருமேனியாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. முதல் முறை தேதி வைத்தபோது கொரோனா வந்து விமானம் நின்றது. காசுக்குப் பதிலாகக் கம்பெனி இந்த வவுச்சரைக் கொடுத்தது. இரண்டாம் முறை தேதி வைத்தபோது நாட்டில் பெட்ரோலும் இல்லை, கேஸும் இல்லை, பந்தல்காரன் வரமாட்டேன் என்றான். இது மூன்றாம் தேதி. அண்ணன்காரருக்கு இடையில் அவிசாவளையில் ஒரு வசதியான வீட்டிலிருந்து பேச்சு வந்திருந்தது.

"இந்தத் தடவையும் தட்டிப்போனா சாமிக்கே இஷ்டமில்லன்னு விட்டுருவோம்ங்குது எங்க அண்ணன். சாமி என்ன பண்ணிச்சு மிஸ்? தினேஷ் பையன் எம்மவளத் தவிர யாரையும் கட்டமாட்டேங்குது. ஆனா அப்பன் பேச்ச மீறவும் மாட்டேங்குது. அது வந்து எறங்கிட்டாப் போதும். நான் பாத்துக்குவேன்."

வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் சொந்த விமானத்துக்கு மட்டும்தான் அது செல்லும். அந்தக் கம்பெனி கொழும்புக்கு வருவதையே நிறுத்திவிட்டது. அவர்களுடைய இணையத்தில் கொழும்பு காட்டும், ஆனால் ஓடுவது கூட்டாளியின் விமானம். அதற்கு இந்த வவுச்சர் ஆகாது. அதைச் சொன்னேன்.

"அப்ப இது என்னங்க மிஸ்?"

"ஒரு கடைக் கூப்பன்னு வச்சுக்கங்க அக்கா. அந்தக் கடையில மட்டும்தான் செல்லும். கடைய மூடிட்டுப் போயிட்டாங்க."

"இம்புட்டு அழகா லேமினேட் பண்ணி வச்சிருக்கேனே," என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

காசுக்கு எவ்வளவு ஆகும் என்று கல்குலேட்டரில் அடித்து அவள் பக்கம் திருப்பினேன். டொலர் ஏறிக் கிடந்த காலம். அவள் பார்த்துவிட்டு கல்குலேட்டரை மெதுவாக என் பக்கமே திருப்பி வைத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய கணக்கில், பாங்கொக் போய் வந்து சேர்ந்த பாயிண்ட் மலையாகக் கிடந்தது எனக்குத் தெரியும். அது எதற்கு என்பதும் தெரியும். அவர் இளவயதில் வாப்பாவோடு ஹஜ்ஜுக்குப் போனவர். மனைவி ஸரீனா உம்மா மக்காவைப் பார்த்ததில்லை. உம்றாவுக்குக் கூட்டிப் போவதற்கென்றே அந்தப் பாயிண்டைத் தொடாமல் வைத்திருந்தார். நல்ல விலைக்கு வரட்டும், நல்ல விலைக்கு வரட்டும் என்று வருசம் போய்க்கொண்டிருந்தது.

நான் உள்ளே போய் வாயைத் திறப்பதற்குள், "அது வூட்டாள்ட உம்றா," என்றார்.

"தெரியும் முதலாளி."

"நான் ஒண்டும் செல்லல்லையே. தெரியும் எண்டு செல்ல வந்தீங்களா?"

"இல்ல முதலாளி. சும்மா வந்தேன்."

கைக்குட்டையை விரித்தார். மடித்தார். வெளியே உட்கார்ந்திருந்த பார்வதி அக்காவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "முடிஞ்ச பேச்சு முறிஞ்சா அந்தப் புள்ளைக்கு எப்பிடி ஈக்கும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். அப்புறம், "போனப் போடுங்க."

கணக்குக்குச் சொந்தக்காரர் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் பாயிண்டை வெட்டுவார்கள். அதனால் பாயிண்ட் இருக்கிற கம்பெனிக்கு எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். பார்வதி அக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண், இனிமையான குரல், எந்த நாடு என்று தெரியவில்லை. அடையாளம் பார்க்க ஹாஜியாரின் பிறந்த தேதியைக் கேட்டாள். "வை யூ வாண்ட்?" என்றார். ஒரு மாதிரிச் சமாளித்துச் சொல்ல வைத்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தி வந்து இறங்குகிற மாதிரி ஓர் இடம், ஒரே ஓர் இடம், இருந்தது. இத்தனை பாயிண்ட், இவ்வளவு வரி என்று அவள் சொன்னாள்.

ஹாஜியார் போனின் மேல் கைக்குட்டையைப் போட்டார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

"மிஸ், டூ மச். லாஸ்ட் ப்ரைஸ்?"

"சார், இது நிர்ணயித்த அளவு. இப்போதே எடுத்துக்கொள்ளலாமா?" என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

"வீ திங்க் மிஸ். தேங்க்யூ." போனை வைத்துவிட்டார்.

வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து, கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்து, பேக்கரிக்கு மூன்று டீ சொல்லி அனுப்பினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நல்ல கல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழும்பி வந்தவருடைய திருப்தி.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பாயிண்ட் மிஸ், ஊருக்கே பாடம் எடுக்கிறவள், முதலாளியின் பேரத்தை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிசம் எனக்கும் அவள் கூப்பிடுவாள் என்றே தோன்றிவிட்டது. இத்தனை வருசம் அவரோடு இருந்ததில் எனக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது.

டீ வந்தது. குடித்தோம். பார்வதி அக்காதான் கேட்டாள்.

"ஐயா, போன வச்சிட்டீங்களாய்யா?"

"கூப்பிடுவாங்க."

"யாருங்கய்யா?"

போனை எடுத்து மறுபடி அடித்தேன். பாட்டுப் போட்டார்கள், காத்திருந்தோம். இன்னொரு குரல் வந்தது. அந்த இடம் போய்விட்டது. யார் எடுத்தார்களோ, எந்த ஊரில் இருந்தோ.

பார்வதி அக்கா சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் லேமினேட் பண்ணிய வவுச்சரைப் பையில் போட்டு, பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டாள். "சரிங்க மிஸ். நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பிரட்டுக்கு நிக்கணும், நாங்க போறோம்," என்று எழுந்தாள். ஹாஜியார் அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படி இறங்கும் சத்தம் கேட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து மாடி ஜன்னலைத் திறந்து, பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி, "மகள், நாளைக்கு வாங்க," என்றார். மழையில் நனைந்துகொண்டு அவள் தலையாட்டினாள்.

திரும்பி வந்து என்னிடம், "நான் கல்லுக்காரன் ஸ்டெல்லா. எனக்கு வேற ஒண்டும் தெரியாது," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி என் மேல்தான்.

மறுநாள் முழுக்கத் தேடினேன். இணையத்தில் இல்லை. போனில் முதலில் வந்தவன் இடம் இல்லை என்றான், இரண்டாவதாக வந்தவளும் இல்லை என்றாள். இங்கேதான் புதுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அவர்கள் புறப்படும் ஊரையும் வந்து சேரும் ஊரையும் போட்டுத் தேடுவார்கள். நடுவில் விமானம் மாறுகிற ஊரில் பயணத்தை வெட்டி, இரண்டு துண்டாகத் தேடச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக வந்த பெண்ணிடம் கெஞ்சினேன். அவள் பொறுமையாகத் தேடினாள். முதல் துண்டுக்கு இடம் இருந்தது. இரண்டாம் துண்டுக்கும் இருந்தது. ஆனால் வந்து இறங்குவது கல்யாணத்தன்று விடியற்காலை. பாயிண்டும் முந்தியதைவிடக் கூடுதல். அவ்வளவையும் வெட்டினால் ஸரீனா உம்மாவின் உம்றாவுக்கு மிச்சம் காணாது.

ஹாஜியாரைப் பார்த்தேன். பழக்கத்தில் கை பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்துவிட்டது. எடுத்ததைப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். போனுக்குக் கிட்டக் குனிந்து, கணவாய் விற்கிறவனிடம் பேசுகிற சத்தத்தில் சொன்னார்:

"மிஸ். டுடே நோ பார்கெய்ன். யூ சே, ஐ கிவ். நோ பார்கெய்ன்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றி சொன்னது கேட்டது.

பார்வதி அக்கா வந்தபோது என் சட்டத்தை நானே மீறினேன். "சீட் கெடச்சிருச்சு அக்கா," என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கௌரிக்குப் போன் எடுத்தாள், அண்ணனுக்குப் போன் எடுத்தாள், பந்தல்காரனுக்கும் எடுத்தாள். தெரணியகலை முழுக்கச் செய்தி போன பிறகுதான் நான் கூட்டாளிக் கம்பெனிக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். ரிசர்வேஷன் இருக்கிறது, டிக்கெட் நம்பர் இல்லை என்றார்கள். பாயிண்டை வெட்டினவர்களிடம் கேட்டால் நாங்கள் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். விமானம் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்வதி அக்கா வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொண்டுவந்து வைத்தாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். டிக்கெட் நம்பர் இல்லாத மாப்பிள்ளைக்குப் பத்திரிகை வாங்குகிறேனே என்று உள்ளே செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு கம்பெனியையும் ஒரே நேரத்தில் இரண்டு போனில் பிடித்து, ஒரு போனை மறு போனோடு ஒட்டிவைத்து அவர்களையே பேச வைத்தேன். நம்பர் வந்தது. ஹாஜியார், "நிக்காஹ் முடிஞ்சா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

நம்பரை அச்சடித்துக் கொடுத்ததும் பார்வதி அக்கா கேட்ட முதல் கேள்வி, இதை எங்கே லேமினேட் பண்ணலாம் என்பது.

இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமாக இல்லை. "ஐயாவுக்கு நாங்க என்ன குடுக்கணும்?"

பாயிண்டை விற்கக் கூடாது. காசுக்கு விற்றது தெரிந்தால் கணக்கையே பூட்டிவிடுவார்கள். அதைச் சொன்னேன்.

"சும்மா வாங்கமாட்டேங்க மிஸ். நாளைக்கு எங்க அண்ணன், மாப்பிள்ளைய தருமத்துல கொண்டாந்தவன்னு ஆயுசுக்கும் பேசும். எம்மவ அந்த வீட்டுக்கு வாழப் போறவ."

ஹாஜியார் யோசித்தார். கொடுக்கிறேன் என்றால் வாங்கமாட்டாள். விற்கவும் முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு விலையே இல்லாத ஒரு சரக்கு.

"அப்ப மொய் எண்டு வச்சிக்கங்க," என்றார்.

பார்வதி அக்கா அவரை நன்றாகப் பார்த்தாள். "மொய்யின்னா நாங்க திருப்பிச் செய்யணும்ங்க."

"செய்யுங்க. நான் வேணாம் எண்டு சென்னேனா?"

அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு பேருக்கும் முகம் தெளிந்தது.

கல்யாணத்தன்று நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பந்தலுக்கு வெளியே, தோட்டத்தில் சிக்னல் பிடிக்கிற ஒரே இடமான குப்பைமேட்டின் மேல் நின்று, விமானம் இறங்கிவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையின் கரை முழுக்கச் சேறு. அட்டை ஒன்று காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. மேளக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அண்ணன்காரர் பந்தல் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேரம் நெருங்கியபோது தோட்டத்து வளைவில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போன வேன் திரும்பியது. தினேஷ் தாடியோடும் கம்பளிச் சட்டையோடும் இறங்கி, அப்பா காலில் விழுந்து, பார்வதி அக்காவைப் பார்த்து, "அத்த, குளிக்க நேரமிருக்கா?" என்றான். "மூஞ்ச மட்டும் கழுவிக்கிட்டு வா," என்றாள் அவள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் மொய் சொன்னார்கள். கோயில் தலைவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். இன்னார் ஐயாயிரம், இன்னார் ஒரு மின்விசிறி, இன்னார் குத்துவிளக்கு. பிறகு ஒரு நிமிசம் தயங்கினார். பார்வதி அக்கா பக்கத்தில் நின்று, "சொல்லுங்கண்ணே, சொல்லுங்க," என்றது மைக்கிலேயே கேட்டது.

"எஹலியகொடை ட்ராவல்ஸ் ஹனிபா ஹாஜியார்... நாற்பதாயிரம் மைல்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "அம்புட்டுத் தூரத்துலயிருந்தா வந்திருக்காரு, பாவம்," என்றார். ஹாஜியார் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஸரீனா உம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். அந்த மைல் எதற்காக வைத்திருந்தது என்று பந்தலில் தெரிந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான். எனக்கு வெட்கமில்லாமல் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு கல் வியாபாரம் படுத்தது. ட்ராவல்ஸை மூடினார். அந்த மேல்மாடியில் இப்போது போன் உறை விற்கிறார்கள். உம்றா தள்ளிக்கொண்டே போனது. அவருடைய பிள்ளைகள் எல்லாரும் கல்யாணம் முடித்தவர்கள். இனி அந்த வீட்டில் மொய் வைக்க ஒரு விசேசமும் இல்லை. பார்வதி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக் குறைப்படுவாள். ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மைல் யாருடைய பயணத்துக்கு வைத்தது என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் கௌரியின் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தினேஷ் ருமேனியாவுக்கும் ஊருக்கும் போய் வந்து போய் வந்து, அவன் கணக்கிலும் மைல் சேர்ந்திருந்தது. அவன் சம்மதித்து, அந்தக் கணக்கு கௌரியின் போனில் திறந்திருந்தது; எல்லாம் இப்போது போனிலேயே செய்யலாம். கூட்டாளிக் கம்பெனியின் விமானத்தில் கொழும்பிலிருந்து ஜெத்தாவுக்கு ஓர் இடம் இருந்தது. போவதற்கு மட்டும். வருவதற்கு மைல் காணாது.

ஹாஜியாருக்கு என் போனில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். விசயத்தைச் சொன்னேன். மறுப்பு வரும் என்று பார்த்தால், மொய் என்றதும் மறுக்கவில்லை. கூடப் போகத் தன் டிக்கெட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஸரீனா உம்மாவின் கடவுச்சீட்டை எடுத்து வந்து நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கௌரியின் போனில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. எனக்குப் பழைய புத்தி. இடம் உண்மையில் இருக்கிறதா, முதலில் கம்பெனிக்கு ஒரு போன் எடுத்துப் பார்ப்போமா என்று விரலை மேலேயே வைத்துக்கொண்டு யோசித்தேன்.

அந்த இடைவெளி அவருக்குப் போதுமாக இருந்தது.

"ஸ்டெல்லா," என்றார். "போறதுக்கு மட்டும் குடுத்தா, போனவ திரும்பி வர வேணாமா? ரெண்டு பக்கத்துக்கும் கேட்டுப் பாருங்களே. அவசரப்பட வேணாம். நாளைக்கு..."

பார்வதி அக்காவின் கை என் தோளுக்கு மேலால் வந்தது. பால்வெட்டிப் பால்வெட்டிக் காய்த்துப்போன அந்தப் பெருவிரல் பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கியது.

"ஐயா போன வைக்கிறதுக்கு முந்தி அமுக்கிட்டேன் மிஸ்," என்றாள். "மன்னிச்சுக்கங்கய்யா. வாறதுக்கு அடுத்த மொய்யில பாத்துக்குவோம்."

கௌரியின் போன் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு டிக்கெட் நம்பர் வந்தது. ரிசர்வேஷன் அல்ல, டிக்கெட் நம்பர். நான் அதை வாசித்தேன். "இன்னொருக்கா," என்றார் ஹாஜியார். மறுபடி வாசித்தேன். "இன்னொருக்கா," என்றார்.

அதற்குப் பின்னால் ஸரீனா உம்மாவின் குரல் கேட்டது. "என்னங்க, யாரு போன்ல? என்னத்துக்கு அழுறீங்க?"

நான் மூன்றாம் தடவையும் நம்பரை வாசித்தேன், இந்த முறை ஸரீனா உம்மாவுக்கும் கேட்கும்படியாக.